தென்புலத்தாரும் தானும்: அன்றாட நன்றிக்கு ஓர் எளிய அறிமுகம்

அமாவாசை அன்று காலையில் சேலத்தில் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் மொட்டை மாடிகளிலிருந்து "கா... கா..." என்று கூப்பிடும் குரல் கேட்கும். வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்துவிட்டு, காக்கை வந்து வாய் வைக்கும்வரை வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட மாட்டார்கள். முன்னோர் வழிபாடு என்றால் நமக்குத் தெரிந்தது இதுதான். மாதம் ஒரு அமாவாசை, அதில் ஆடி, புரட்டாசி, தை மூன்றும் பெரியவை, இறந்தவரின் திதி வந்தால் ஒரு திவசம். மற்ற நாள்களில் படத்தின் மேல் படிந்த தூசியைத் துடைப்பதற்குக்கூடப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாள் வரவேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த மற்ற நாள்களைப் பற்றியது. முன்னோருக்கும் நமக்குள்ளே இருக்கும் நமக்கும் தினமும் நன்றி சொல்வது என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன் என்பதை, இதைப் பற்றி இதுவரை யோசித்தே பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு குறளிலிருந்து தொடங்கலாம்.

தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு
ஐம்புலத்தாறு ஓம்பல் தலை.

இது 43-ஆவது குறள், இல்வாழ்க்கை அதிகாரத்தில் வருவது. குடும்பம் நடத்துகிறவர் ஐந்து பேரைப் பேண வேண்டும் என்கிறது. தெற்கே இருப்பதாகக் கருதப்படும் மறைந்த முன்னோர், தெய்வம், வீடு தேடி வரும் விருந்தினர், சுற்றத்தார், அப்புறம் தான். சாமிக்கும் முன்னால் முன்னோர் நிற்கிறார்கள் என்பதைப் பலரும் எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடைசியில் நிற்கும் 'தான்' பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உரையாசிரியர் பரிமேலழகர் அதைக் கவனித்திருக்கிறார். எல்லா அறங்களையும் தான் இருந்துதான் செய்ய வேண்டியிருப்பதால் தன்னைப் பேணுவதும் அறமாயிற்று என்று காரணம் சொல்கிறார்.

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முன்னோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய உயிரோடு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நேரத்துக்குச் சோறு போடாமல், தூங்கவிடாமல், நாள் முழுக்க மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டு, முன்னோருக்கு மட்டும் மாதாமாதம் படையல் வைத்தால் அந்த வரிசை பாதியில் அறுந்துபோகும். முன்னோர் கொடுத்துப் போனது எதுவோ அது இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்வதும் உங்களைப் பார்த்துக்கொள்வதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்கு இதை எளிதாகப் புரிய வைக்கலாம். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களின் தொகுதி, தீரும்போது முழுவதையும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். பழைய பாவின் நுனியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு இழையோடும் புதுப்பாவின் ஒவ்வொரு இழையையும் விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். பாவு பிணைப்பது என்று பெயர். ஆயிரக்கணக்கான இழை, ஒன்று விடாமல். பிணைத்து முடித்ததும் பழையது முன்னால் நகர்ந்து போய்விடும், நெசவு புதுப்பாவில் நடக்கும். புதுப்பாவுக்கு மரியாதை கொடுக்காமல் பழையதற்கு மட்டும் கொடுத்தால் வேட்டி நெய்ய முடியாது.

முன்னோர் என்றால் யார் யார்?

தர்ப்பணம் செய்கிற வீடுகளில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்வார்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அதேபோல் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. அதற்கு மேலே போனால் பலருக்குப் பெயர் தெரியாது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பெற்றோர் 2 பேர், அவர்களைப் பெற்றவர்கள் 4 பேர், அதற்கு மேல் 8 பேர். இப்படியே பத்தாவது தலைமுறைக்குப் போனால் 1,024 பேர் வருகிறார்கள். தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 250 வருடத்துக்கு முந்திய காலம். நம் பக்கத்தில் இந்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்கிற வழக்கம் இருப்பதால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். உங்கள் அப்பாவும் அம்மாவும் அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் என்றால் உங்களுக்குக் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். எப்படிப் பார்த்தாலும் அவ்வளவு பேரும் பிள்ளை பெறும் வயதுவரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒருவர் ஐந்து வயதில் காய்ச்சலில் போயிருந்தால்கூட நீங்கள் இல்லை.

அந்த உயிர் பிழைத்தல் சும்மா நடக்கவில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்து ஆட்டிய பஞ்சம் அது. அதில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்போதைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் சேர்த்தது. 1871-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கோடு 1881-ல் எடுத்ததை ஒப்பிட்டால் இந்த மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேர் குறைந்திருந்தார்கள். கிணறு வற்றி, மாடு செத்து, காட்டுக் கிழங்கையும் கீரையையும் தின்று சமாளித்த காலம். சேலத்துப் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் பிறந்த யாராக இருந்தாலும், அவருடைய கொள்ளுத்தாத்தாவோ அவருக்கு அப்பாவோ அந்த மூன்று வருடத்தைத் தாண்டி வந்தவர். தன் பங்குக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த ஒரு அம்மாவும் அந்த வரிசையில் நிச்சயம் இருந்திருப்பாள். அவள் பெயர் எந்தத் தர்ப்பணத்திலும் வராது. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் காடுகளுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப்போன சித்தப்பன், பெரியப்பன்களின் பெயரும் அப்படித்தான் காணாமல் போனது.

பெயர் தெரியாதவர்களை எப்படி நினைப்பது என்று கேட்டால், சேர்வராயன் மலையில் இருப்பவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். அங்கே மலையாளி என்று அழைக்கப்படும், தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்து மூன்று மலைகளில் குடியேறினார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. கல்வெட்டு இல்லை, ஓலை இல்லை, வாயால் சொல்லிச் சொல்லியே நிற்கிறது. ஏற்காட்டுக்கு மேலே, 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் ஒரு குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலில் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து திரண்டு வருவார்கள். சாமியும் மலையும் முன்னோரும் அங்கே தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதில்லை. கீழே சமவெளியில் இருக்கிற நமக்குத் தாத்தாவின் அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதே தெரியவில்லை என்றால் அது வருத்தப்பட வேண்டிய விஷயம்தான்.

இன்னொன்றும் உண்டு. முன்னோர் என்றால் ரத்த உறவு மட்டும் இல்லை. ஏற்காட்டுக் காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார் என்று எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கும். சரி, அவர் பெயர் இருக்கட்டும். புதரை வெட்டியவர், நாற்றைத் தலையில் சுமந்து மேலே ஏற்றியவர், அட்டைக்கடியோடு பழம் பறித்தவர் பெயரெல்லாம் எங்கே? காப்பி நாற்று நட்டு முதல் காப்பு எடுக்கவே மூன்று நான்கு வருடம் ஆகும், நிழலுக்கு வைத்த மரம் வளர இன்னும் எத்தனையோ வருடம். நட்டவரில் பலர் அந்த நிழலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். காலையில் டம்ளரைக் கையில் எடுக்கும்போது அவர்களையும் ஒரு நொடி நினைத்தால் அதுவும் முன்னோர் வணக்கம்தான். வளர்ப்புப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள், பெற்றவர் யாரென்றே தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: உங்களுக்குச் சோறு ஊட்டியவரும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரும்தான் உங்கள் தென்புலத்தார்.

முன்னோர் விட்டுப் போனது நிலமும் நகையும் மட்டும் என்று நினைத்தால் பாதிப் பேருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. கைப்பழக்கத்தைப் பாருங்கள். ஆடி முதல் நாளன்று சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்தில் தேங்காய் சுடுவோம். நாரை உரித்து, சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்கி, ஒரு கண்ணை மட்டும் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஊறவைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுவோம். அழிஞ்சில் குச்சியின் முனையைச் சீவி அதில் செருகி, மஞ்சள் பூசி, சாயங்காலம் வாசலில் தீ மூட்டி எல்லோருமாகச் சுற்றி நின்று வாட்டுவோம். ஓடு கறுத்து விரிசல் விடும்போது வெல்லம் கசிந்து தீயில் விழுந்து ஒரு வாசனை வரும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே அரிசியும் பருப்பும் தேங்காயோடு ஒட்டி வெந்திருக்கும். எவ்வளவு திணிக்க வேண்டும், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் பார்த்துக் கற்றுக்கொண்டதில்லை. விரலால் அழுத்திப் பார்த்து "போதும், இன்னும் போட்டா வெடிச்சுரும்" என்று பாட்டி சொன்னது. பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்னது. அந்த அளவு இப்போது நம் விரலில் இருக்கிறது.

உள்ளே இருப்பவர்

இப்போது குறளின் கடைசிச் சொல்லுக்கு வருவோம். எனக்குள் இருக்கும் எனக்கு நன்றி சொல்வது என்றால் பலருக்குக் கூச்சமாக இருக்கும். தற்பெருமை மாதிரி தோன்றும். அதனால் உடம்பிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் அம்மாவை உங்கள் பாட்டி வயிற்றில் சுமந்தபோதே, கருவில் இருந்த அந்தப் பெண் குழந்தையின் சினைப்பையில் கருமுட்டைகள் உருவாகிவிட்டன. அவற்றில் ஒன்றுதான் பல வருடம் கழித்து நீங்கள் ஆனது. அப்படிப் பார்த்தால், நீங்கள் ஆகப்போகும் அந்தத் துளியைச் சில மாதங்கள் பாட்டியும் சுமந்திருக்கிறார். இன்னொன்று: நம் உடம்பின் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு இருக்கிறது. அது அம்மா வழியாகத்தான் பிள்ளைக்கு வருகிறது. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து, அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து. பெயர் தொலைந்துபோன பாட்டிகள் என்று மேலே சொன்னேனே, அவர்கள் கொடுத்ததுதான் இந்த நிமிடம் நீங்கள் கண்ணைத் திறந்து இதைப் படிப்பதற்கான சக்தியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யாரும் எழுதி வைக்காத பெயரை உடம்பு இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அந்த உடம்பு சுமார் ஒரு லட்சம் முறை நாளொன்றுக்கு இதயத்தைத் துடிக்க வைக்கிறது. நீங்கள் கேட்காமலே. தூக்கத்திலும். அதற்கு யாராவது நன்றி சொல்லியிருக்கிறோமா?

உடம்புக்கும் உள்ளே மனம், மனசாட்சி, ஆன்மா என்று அவரவர் நம்பிக்கைப்படி ஒன்று இருக்கிறது. பொய் சொல்ல வாயெடுக்கும்போது தொண்டையில் ஒரு தடை வருகிறதே, அது. ரோட்டில் யாரோ விழுந்தால் யோசிப்பதற்கு முன்னாலேயே கை நீளுகிறதே, அதுவும்தான். திருமூலர் "உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்" என்று பாடியிருக்கிறார். பக்தி உள்ளவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், உள்ளே இருப்பதைச் சாமியாகவே பார்க்கலாம். இளம்பிள்ளை பக்கத்தில் கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சித்தர் கோயிலுக்கும் திருமூலருக்கும் தொடர்பு சொல்லும் கதை ஒன்று நம் ஊரில் உண்டு. வயதான மூலர் மூலிகை தேடி வந்தபோது, சமைத்துக்கொண்டிருந்த சீடர் ஏதோ ஒரு குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போய், அதைத் தின்ற சீடர் இளைஞராகிவிட்டார் என்பார்கள். அந்தக் கோயிலில் அமாவாசைக்குத்தான் கூட்டம் அதிகம். காலையில் முன்னோருக்குப் படைத்துவிட்டு அங்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னோருக்கான நாளும் தன்னைத் தேடுகிற நாளும் சேலத்துக்காரர்களுக்கு ஏற்கெனவே ஒரே நாள்தான்.

சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். 1944-ல் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டிய மாநாடு நடந்த ஊர் சேலம். திதியும் தர்ப்பணமும் செய்யாத வீடுகள் இங்கே நிறைய. அந்த வீடுகளிலும் நினைவு நாளன்று படத்துக்கு மாலை போட்டு, அவர் பெயரில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுகிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தியும் பூவும் வைத்து நிற்கும் குடும்பங்களும், கபர்ஸ்தானில் நின்று துஆ செய்கிறவர்களும் செய்வது இதே நன்றியைத்தான். முறை எதுவானாலும் பரவாயில்லை.

தினமும் செய்ய என்ன இருக்கிறது?

பூஜை அறை வேண்டாம், புதுச்செலவு வேண்டாம். உங்கள் வீட்டிலேயே பழைய பொருள் ஒன்று இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே பாத்திரக்கடையில் பெயர் வெட்டியிருக்கிறார்கள், புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து பெயரில் பாதி மழுங்கிவிட்டது. 'அன்பளிப்பு' என்ற சொல் மட்டும் விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. கொள்ளுப்பாட்டியின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. கொடுத்தவர் அண்ணனா, பக்கத்து வீட்டுக்காரரா, தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை. காலையில் முதல் தண்ணீரை அதில் குடிக்கும்போது அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "உங்களால் இருக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்வேன். கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான். அவ்வளவுதான் என் காலை வணக்கம். உங்கள் வீட்டில் அது அரிவாள்மனையாக இருக்கலாம், அப்பாவின் கைக்கடிகாரமாக இருக்கலாம், தறியில் ஓடித் தேய்ந்த நாடாவாக இருக்கலாம். பரணில் கிடந்தால் எடுத்துக் கழுவிப் புழக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த பொருள் தினமும் கைக்கு வராது.

ராத்திரி படுக்கும்போது உங்கள் முறை. நெஞ்சில் கை வைத்து, அன்றைக்கு நீங்கள் செய்த ஒன்றே ஒன்றுக்கு உங்களுக்கு நன்றி சொல்லுங்கள். பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கோபம் வந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தது, களைத்துப் போயிருந்தும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, வலிக்கிற காலோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தது. பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று சொன்னால் நாலு நாளில் அது வெறும் வார்த்தையாகிவிடும். குறிப்பாகச் சொல்லும்போதுதான் மனது கேட்கிறது.

எழுதப் பிடித்தவர்கள் வாரம் ஒருமுறை எழுதலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி பேசப்படுவது. ஒரு குழு மாணவர்களை வாரம் ஒருமுறை நன்றி தோன்றிய விஷயங்களை எழுத வைத்தார்கள், இன்னொரு குழுவை எரிச்சலூட்டிய விஷயங்களை எழுத வைத்தார்கள். பத்து வாரத்துக்குப் பிறகு, நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லவிதமாக உணர்ந்தார்கள், உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள். நன்றி சொல்லத் தொடங்கியவர்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

என்ன எழுதுவது என்று திணறினால் ஜப்பானில் யோஷிமோட்டோ இஷின் என்பவர் உருவாக்கிய நைக்கான் முறையின் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அம்மாவில் தொடங்குவார்கள். அவரிடமிருந்து நான் பெற்றது என்ன? அவருக்கு நான் திருப்பிக் கொடுத்தது என்ன? அவருக்கு நான் கொடுத்த கஷ்டம் என்ன? அவர் எனக்குக் கொடுத்த கஷ்டம் என்ன என்ற கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது, அது நமக்குக் கேட்காமலே வரும் என்பதால். முதல் கேள்விக்கே பக்கம் நிரம்பிவிடும். மூன்றாவது கேள்விக்கு வரும்போது அழுகை வந்தால் வரட்டும்.

தன்னைப் பேணுவதில் நம் ஊரில் பலரும் தட்டிக்கழிக்கிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு மாரடைப்பு, பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று வீட்டில் நடந்ததை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், உரிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அவர்கள் பட்ட வலியிலிருந்து நமக்குக் கிடைத்த தகவல் அது. அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டுப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி மட்டும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

பித்ரு தோஷம் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, கல்யாணம் தள்ளிப்போவதும் வேலை கிடைக்காததும் முன்னோர் கோபத்தாலா என்று கேட்பவர்கள் நிறைய. நன்றிக்கும் பயத்துக்கும் சம்பந்தம் இல்லை. தன் தட்டிலிருந்து எடுத்து உங்கள் வாயில் ஊட்டிய பாட்டி, செத்த பிறகு உங்கள் வேலையைக் கெடுக்க மாட்டார். தெவசம் செய்ய மனமிருந்தால், வசதியிருந்தால் செய்யுங்கள், அது அழகான மரபு. கடன் வாங்கிப் பரிகாரம் செய்ய வேண்டாம். அந்தப் பணத்தில் வீட்டில் உயிரோடு இருக்கும் பெரியவருக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுங்கள்.

படைப்பது அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. தர்மபுரி 1965-வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தகடூர் என்று அன்றைக்குப் பெயர் பெற்ற அந்த மண்ணை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 232-ஆவதாக இருக்கிறது. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை வார்த்துப் படைக்கிறார்கள். உயர்ந்த மலைகளோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்டு அழுகிறார் ஔவை. பதில் அந்தப் பாட்டில் இல்லை. ஆனாலும் பீலி சூட்டினார்கள், கள் வார்த்தார்கள். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே கொடுக்கத் தோன்றுவதைத்தான் நான் நன்றி என்று புரிந்துகொள்கிறேன்.

என் தாத்தா குடித்தே நிலத்தை அழித்தவர், பாட்டியை அடித்தவர், அவருக்கு எதற்கு நன்றி? இது கஷ்டமான கேள்வி, நியாயமான கேள்வியும். தன் காட்டில் வேலை செய்தவரை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கஞ்சி ஊற்றிய முன்னோர்களும் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். நன்றி சொல்வதற்காகப் பொய் சொல்லக் கூடாது. நடந்ததை நடந்தது என்று சொல்லுங்கள், பிள்ளைகளிடமும் மறைக்க வேண்டாம். அந்தத் தாத்தாவை விட்டுவிட்டு, அவரோடு வாழ்ந்தும் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிக்குச் சொல்லுங்கள். உங்களையும் மறக்க வேண்டாம். அந்த அடி உங்கள் கையிலிருந்து உங்கள் பிள்ளை மேல் விழாமல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், ராத்திரி நெஞ்சில் கை வைத்துச் சொல்ல அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அண்மையில் யாரையாவது இழந்தவர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று தங்களை நெருக்க வேண்டாம். முதலில் அழுது முடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், ஒரு தாளை எடுத்து உங்கள் தாத்தா பாட்டி நாலு பேரின் பெயரையும், அவர்களைப் பெற்ற எட்டுப் பேரின் பெயரையும் எழுதிப் பாருங்கள். அம்மா வழியில் நிச்சயம் ஓட்டை விழும், பெண்கள் பெயரில் இன்னும் அதிகமாக. அந்த ஓட்டைகளோடு உங்கள் சொந்தத்தில் வயதில் மூத்தவரிடம் போங்கள், பெரும்பாலும் அவர் ஒரு அத்தையாகவோ சின்னப் பாட்டியாகவோ இருப்பார். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, தேதியையும் பேசுகிறவர் பெயரையும் முதலில் சொல்லிவிடுங்கள். "உங்க அம்மா பேரு என்ன பாட்டி? அவங்களுக்கு எந்த ஊரு?" என்று தொடங்கினால் போதும். பெயருக்கு முன்னால் அவர் அந்த அம்மாவின் கைக்குழம்பைப் பற்றியோ அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார், குறுக்கிடாதீர்கள். ஒரே மூச்சில் எல்லாம் கேட்டுவிட நினைக்க வேண்டாம், அவருக்குக் களைத்துவிடும். மதியத் தூக்கத்துக்குப் பிறகு, காப்பி குடிக்கும் நேரம் நன்றாக இருக்கும். சொன்ன பெயர்களை அன்றைக்கே தாளில் எழுதி, படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.